செல்லதுரை வில்லனாக இருந்த மூன்று நாள்

“இன்னையிலேர்ந்து நான் வில்லன். கடவுளே கால்ல விழுந்தாலும் இரங்க மாட்டேன்.”

வலங்கைமான் கடைத்தெருவில் மூஸா டீக்கடையில் செல்லதுரை இப்படிப் பிரகடனம் செய்தபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அதுவரை நல்லவராக இருந்து ஓய்ந்துபோயிருந்தார். ஊரில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் இவர் செல்போன்தான் அலறும்.

“சினிமாவையே பாருங்க பாய். ஹீரோ அடி வாங்குறான், ஓடுறான், ஆத்துல குதிக்கிறான், தங்கச்சிக்குக் கல்யாணம் பண்றான். வில்லன் சோபாவுல சாஞ்சுக்கிட்டு திராட்சை திங்கிறான். எவனாச்சும் அவன்கிட்ட போயி, ரேஷன் கார்டுல பேர் சேத்துக் குடுங்கன்னு கேக்குறானா? அதான் ஜனத்துக்கு அவன்மேல ஆசை. படத்துலயே ஓய்வா இருக்கிறவன் அவன் ஒருத்தன்தான்.”

“கடைசியில சாவான்ல?” என்றார் மூஸா.

“அது கடைசி பத்து நிமிஷம். அதுவரைக்கும் நிம்மதி.”

மறுக்கமுடியாத ஆராய்ச்சி. மூஸா மறுக்காமல் டீயை ஆற்றினார்.

இரண்டாம் நாளே சோதனை வந்தது. செல்லதுரை வயலைத் தாண்டி உள்ளே கிடப்பது அம்சம் என்பவளின் குத்தகை வயல். நெல் முற்றிச் சாய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மழை என்கிறார்கள். அறுவடை வண்டி போக இவர் வயலை விட்டால் வழியில்லை. இவர் பயிரோ இன்னும் பத்து நாள் பச்சை. ஊரார் நடவுக்கெல்லாம் ஓடிவிட்டுத் தன் வயலைக் கடைசியில் நட்ட பலன்.

“அண்ணே, நாளைக்கு வண்டி வருது. ஒரு ஓரமா விடுவீங்களா?”

“முடியாது,” என்றார் செல்லதுரை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “பயிரு பச்சையா இருக்கு பாரு, எனக்கும் இடுப்பு வலி...”

வில்லன்கள் இடுப்பு வலியைக் குறிப்பிடுவதில்லை.

“சரிண்ணே. மழையில நெல்லு மொளச்சா, முளைப்பாரி எடுத்துக்கிட்டு உங்க வாசலுக்கே வர்றேன்,” என்று அம்சம் போய்விட்டாள்.

மறுநாள் காலை இன்னொரு தடவை கெஞ்சிப் பார்க்க வண்டியோடு வந்தவள் நின்றாள். இவர் வயல் ஓரமாக, வண்டி அகலத்துக்குப் பச்சைப் பயிர் அரிவாளால் அறுபட்டு, வரப்பில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. செல்லதுரை இடுப்பைப் பிடித்தபடி நின்றார்.

“என்னண்ணே இது?”

“மாட்டுக்குப் புல்லு வேணாமா? அதான் அறுத்தேன்.”

அவர் மாட்டை விற்று இரண்டு வருஷமாகிறது. விற்றது அம்சத்திடம்தான். அவள் வண்டிக்காரருக்கு வழி காட்டப் போனாள்.