பாஸ்போர்ட்டில் இருந்த வீட்டுப் பெயர்

அலேக்யா தட்டுக் கழுவ வரும்போதெல்லாம், குழாய்க்கு மேலே சுவரில் ஒரு துண்டுத் தாளை ஈரக் கையால் ஒட்டிவைப்பாள். அதில் பத்து ஆங்கில வார்த்தைகள் இருக்கும். தட்டைத் தேய்த்தபடி உதடு அசைய ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாள். பத்தும் வந்துவிட்டால் தாள் குப்பைக்கூடைக்குப் போகும். ஒன்று தவறினாலும் அதைத் துடைத்து செல்போன் உறைக்குள் செருகிக்கொள்வாள். ஹைதராபாத் எஸ்.ஆர். நகரில் இந்தப் பெண்கள் ஹாஸ்டலுக்கு நான் சமைக்க வந்து பதினாறு வருஷமாகிறது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அந்த வார்த்தைகளைப் படிக்க எனக்கு வராது. கூடையைப் பார்த்துத்தான் அவளுக்கு அன்றைய நாள் எப்படிப் போயிற்று என்று தெரிந்துகொள்வேன்.

முதல் தடவை வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பி.டெக். முடித்திருந்தாள். அமெரிக்காவில் மேல்படிப்புக்குச் சேர ஜி.ஆர்.இ. பரீட்சை எழுத வேண்டும். எட்டு மாதம் அமீர்பேட்டை கோச்சிங்குக்குப் போய் வந்தாள். பரீட்சைக்காரர்களின் இணையப் பக்கத்தில் பெயரைப் பதிந்து வைத்தாள். தேதி எடுப்பதற்குள் அவள் அப்பா ஜனகாமிலிருந்து வந்துவிட்டார். மாப்பிள்ளைக்கே அமெரிக்காவில்தான் வேலை, அங்கே போய்ப் படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஐந்து வருஷம் கழித்து அதே பெட்டியோடு வாசலில் நின்றாள். புருஷன் அவளை அழைத்துக்கொள்ளவே இல்லை. போன் செய்வதையும் நிறுத்திவிட்டான். வாரங்கலில் மாமியாருக்குச் சமைத்துப் போட்டே அந்த வருஷங்கள் போயிருந்தன.

"ஆறாம் நம்பர் ரூம் காலியா இருக்காக்கா?" என்றாள்.

பகலில் மாதாப்பூரில் ஒரு ஆபீஸ் வேலை, சாயங்காலம் படிப்பு. அறையில் கூட இருந்த சின்னப் பெண் பிரவல்லிகா வாயாடி. "என்னக்கா, நேத்து வார்த்தையே இன்னிக்கும் சுவத்துல இருக்கு? வயசாயிடுச்சு உனக்கு!" என்பாள்.

"உனக்கு அந்தக் கவலையே இல்லடி. மறக்கறதுக்கு முதல்ல ஏதாவது உள்ள ஏறணுமே" என்பாள் அலேக்யா.

சிரிப்பாள். ஆனால் அவள் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது எனக்குத் தெரியும். அப்பா கெடு வைத்திருந்தார். இந்த வருஷம் படிக்கப் போக வழி செய்துகொள்ளாவிட்டால், டிசம்பர் பதினைந்தாம் தேதி வந்து அவளை வாரங்கலில் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவாராம்.

நவம்பரில் பரீட்சை. பையை உள்ளே விடமாட்டார்கள், வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற காரியம் நல்லபடி முடியட்டும் என்று தயிரும் சர்க்கரையும் ஒரு வாய் கொடுத்துத்தான் கிளம்பினோம். பரீட்சை மையத்தில் நான் சுவரோரமாக நின்றேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுப் பேரு, அதான் சர்நேம், என்னம்மா?"

"பொட்லபள்ளி."

"பாஸ்போர்ட்ல கந்துகூரின்னு இருக்கே?"

"அது கல்யாணம் ஆனப்புறம் எடுத்தது மேடம். போட்டோவைப் பாருங்க, நான்தானே?"

"ஆளு நீங்கதாம்மா. பேரு நீங்க இல்லையே. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் உள்ள விட முடியும்."

இருபத்திரண்டு வயதில் பதிந்த பக்கத்தையே திறந்து தேதி எடுத்திருக்கிறாள். அதில் அப்பா வீட்டுப் பெயர். பள்ளிச் சான்றிதழிலும் காலேஜ் சான்றிதழிலும் அதுதான். பெயரைக் கேட்டால் அவள் வாயில் வருவதும் அதுதான். பாஸ்போர்ட் மட்டும் புருஷன் வீட்டார் எடுத்துக் கொடுத்தது. விடிய விடியக் கணக்கையும் வார்த்தையையும் சரிபார்த்தவளுக்கு இதைச் சரிபார்க்கத் தோன்றவில்லை.

ஆட்டோவில் பாஸ்போர்ட்டைப் பைக்குள் திணித்தாள். பிறகு, "அந்தப் பேரை அந்த வீட்டுலயே விட்டுட்டு வந்தேன்னு நினைச்சேன்க்கா" என்றாள்.

பாஸ்போர்ட்டை மாற்றலாம் என்றால், விவாகரத்துத் தீர்ப்பைக் கொண்டுவா என்றார்கள். அவள் போட்டிருந்த விவாகரத்து வழக்குக்கு அவன் வரவே இல்லை. வாய்தா மேல் வாய்தா. பரீட்சை எழுத விஜயவாடாவில் டிசம்பர் நாலாம் தேதிக்கு ஒரு இடம் இருந்தது.

"பேருதானேக்கா! மாத்திப் போட்டு எழுதித் தள்ளு. மார்க்கு அவனுக்கா போகப்போகுது?" என்றாள் பிரவல்லிகா.

"இன்னிக்கு அந்தப் பேர்ல எழுதினா, சேர்றதும் அந்தப் பேர்லதான். பட்டமும் அந்தப் பேர்லதான்டி வரும். நான் படிச்சதுக்கு அவன் வீட்டுப் பேரா?"

இரண்டு நாள் சாப்பிட வரவில்லை. மூன்றாம் நாள் சோறும் பருப்பும் அறைக்கே எடுத்துப் போனேன். "நீ என்ன சொல்றேக்கா?" என்று கேட்டாள். என்னிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

"உங்கப்பா வர்றது பதினஞ்சாம் தேதிதானே?" என்றேன்.

அவள் தட்டை இழுத்துவைத்துக்கொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பைத் திறந்தாள்.

விஜயவாடாவில் கந்துகூரி என்ற பெயரிலேயே எழுதினாள். முந்நூற்று நாற்பதுக்கு முந்நூற்றுப் பதினெட்டு வந்தது. பதினைந்தாம் தேதி வந்த அப்பா அந்த ஸ்கோரைப் பார்த்துவிட்டு, தனியாகவே ஜனகாம் பஸ் ஏறினார். சேதி வாரங்கலுக்கும் எட்டியது. கந்துகூரி வீட்டு மருமகள் அமெரிக்காவில் படிக்கப் போகிறாள் என்று மாமியார் தெருவில் சொல்லிக்கொண்டாராம். அதைக் கேட்ட அன்றைக்குத்தான் அலேக்யா அழுது நான் பார்த்தேன்.

இப்போது அவள் ஒஹாயோவில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வழக்கு இன்னும் முடியவில்லை. அங்கே வகுப்பில் அவளைக் கந்துகூரி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.