ஹர் கி தூனில் ஒரு ஜன்னல் சீட்

அக்டோபரில் இமயமலைப் பக்கம் நடக்கப் போகலாமா என்று யோசிப்பவர்கள் திட்டம் போட வேண்டிய நேரம் இதுதான். அதனால்தான் போன அக்டோபரில் போய்வந்த கதையை இப்போதாவது எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். போன இடம் உத்தராகண்டில் ஹர் கி தூன் பள்ளத்தாக்கு. வழிகாட்டியோடு, கூடாரத்தில் தங்கி, டேராடூனில் கிளம்பி டேராடூன் திரும்ப எட்டு நாள். ‘மிதமான கடினம்’ என்று எல்லா இணையதளங்களிலும் போட்டிருக்கும். அந்த ‘மிதமான’ என்ற சொல்லை முதலில் எழுதியவரைப் பார்த்தால் எனக்குக் கேட்க இரண்டு கேள்வி இருக்கிறது.

போனது நானும் மெஹருன்னிசாவும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, அவளுக்கு நாற்பத்தொன்பது. நான் மும்பையில் செம்பூர், பாலக்காட்டுக் குடும்பம், ஃபோர்ட்டில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். அவள் சீத்தா கேம்ப். பூர்வீகம் மேலப்பாளையம், மஸ்ஜித் பந்தரில் ஒரு உலர்பழ மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறாள். பத்தொன்பது வருடமாக ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் ஒரே வண்டி, ஒரே லேடீஸ் டப்பா, அதாவது பெண்கள் பெட்டி. எனக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால் மான்கூர்டில் அவள் ஏறுவாள். பிதுங்கி வழிந்துகொண்டு வரும் வண்டியில் எப்படித்தான் இடம் பிடிப்பாளோ, நான் செம்பூரில் ஏறும்போது அவள் பக்கத்தில் ஒரு கைக்குட்டை விரித்திருக்கும். யாராவது உட்கார வந்தால் “கோயி ஆ ரஹா ஹை” என்பாள். ஆள் வருகிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் வாதாடியவர்கள் மறுநாள் வேறு டப்பாவில் ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் எங்கள் ஆபீஸ் அடுத்த ஏப்ரலில் பேலாப்பூருக்கு மாறுகிறது என்று அறிவித்தார்கள். பேலாப்பூர் எனக்கு எதிர்த்திசை. வண்டியில் மெஹருவிடம் சொன்னேன். சுன்னாபட்டி தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வடாலா வந்தபோது திரும்பினாள்.

“அப்பம் நம்ம சோலி முடிஞ்சுதுன்னு சொல்லு. யக்கா, அதுக்குள்ள எங்கயாச்சும் போயிருவோம். எனக்குப் பனிமலை பாக்கணும். டிவில பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு.”

மேலப்பாளையமும் அஜ்மீரும் தவிர அவள் வெளியூர் போனதில்லை. நானும் குருவாயூர், திருப்பதி என்று சாமி இருக்கும் ஊராகப் பார்த்துத்தான் போயிருக்கிறேன். ஏப்ரலுக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பனிமலையைப் பார்த்துவிட வேண்டும். இந்தப் பயணத்துக்கு வேறு எந்தக் காரணமும் இல்லை.

திட்டம் போடுவது என் வேலை. மழைக்காலத்தில் அந்தப் பாதை சரியும், அது வேண்டாம். மே, ஜூனில் பூவும் பச்சையும் இருக்கும், கூட்டமும் இருக்கும். அக்டோபரில் புல் பழுத்துப் பழுப்பாகிவிடும், ஆனால் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், மலை தெரியும். எங்களுக்கு மலைதான் வேண்டும். பயணத்தை நடத்தும் கம்பெனியில் இரண்டு திட்டம் வைத்திருந்தார்கள். பள்ளத்தாக்கில் ஒரு இரவு தங்குவது பன்னிரண்டாயிரம். இரண்டு இரவு தங்குவது பதினாலாயிரத்து ஐந்நூறு. மெஹரு முதலாவதைச் சொன்னாள். அவ்வளவு தூரம் போய் ஒரே நாளில் திரும்ப எனக்கு மனசில்லை, பிடிவாதமாக இரண்டாவதைப் போட்டேன். என் பிடிவாதம் உருப்படியாகப் பயன்பட்ட அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள், வாங்கிவிடுங்கள். பயிற்சிக்கு மூன்று மாதம் வேண்டும். நான் அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு எங்கள் கட்டடத்தின் ஏழு மாடியும் ஏறி இறங்கினேன். லிஃப்ட் கெட்டுவிட்டதா என்று வாட்ச்மேன் தினமும் கேட்டார். மெஹரு ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு மான்கூர்ட் ஸ்டேஷனுக்கு நடந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரல் ஸ்டேஷனிலிருந்து மாத்தேரான் மலைக்கு நடந்தே ஏறினோம். அவள் எனக்கு அரை மணி முன்னால் மேலே போய் சோளம் வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மும்பையிலிருந்து ரயிலில் டெல்லி, அங்கிருந்து டேராடூன். மறுநாள் காலை ஆறரைக்கு ஜீப். சாங்க்ரி கிராமம் இருநூறு கிலோமீட்டர்தான், ஆனால் பத்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆயிரத்து முந்நூறு. வளைவுக்கு வளைவு வயிறு புரளும், வாந்தி மாத்திரையை முன்னாடியே போட்டுக்கொள்ளுங்கள். வழியில் புரோலாவிலேயே பணம் எடுத்துவிடுங்கள், மேலே போனால் கிடைக்காது. சாங்க்ரிக்கு அப்பால் போனும் அவ்வளவாக வேலை செய்யாது. எங்கள் குழுவில் பதினோரு பேர். வழிகாட்டி பல்பீர், முப்பது வயதுக்குள் இருக்கும்; நிற்கும் இடமெல்லாம் ரீல்ஸ் எடுப்பான். உதவி வழிகாட்டி சுனிதா அதிகம் பேசமாட்டாள், ஆனால் எல்லாரையும் கவனித்துக்கொண்டே இருப்பாள்.

நடை தொடங்குமுன் பல்பீர் இரண்டு விதி சொன்னான். மெதுவாக நடக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு போகிறபோக்கில், முகாமுக்கு முதலில் வருபவர்கள் பிடித்த கூடாரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான். பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. மெஹரு என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தாள்.

முதல் நாள் நடை ஆற்றை ஒட்டியே போகிறது. வால்நட் மரங்கள், மரப்பாலங்கள், எங்களைச் சட்டை செய்யாமல் எதிரே வரும் கோவேறு கழுதைகள். சுகமான நடை. அன்று மெஹருவுக்கு இரண்டாவது கூடாரம்தான் கிடைத்தது. நாக்பூரிலிருந்து வந்த புதுக் கல்யாண ஜோடி முந்திக்கொண்டுவிட்டது. அதை அவள் மறக்கவில்லை.

இரண்டாம் நாள் ஓஸ்லா கிராமத்துக்கு மேலே, கிட்டத்தட்ட பத்தாயிரம் அடியில் முகாம். கடைசி ஏற்றத்தில் ஆரஞ்சு நிறக் கூடாரங்கள் கண்ணில் பட்டதும் முன்னால் ஒரு உருவம் ஓடியது. “தீதி, ஆராம் சே! மெதுவா!” என்று பல்பீர் கத்தினான். மான்கூர்ட் பிளாட்ஃபாரத்தில் ஓடும் வண்டியில் தொற்றி ஏறிப் பழகியவள் அதையா காதில் வாங்கப் போகிறாள்? நான் மூச்சுவாங்க மேலே போய்ச் சேர்ந்தபோது கடைசிக் கூடாரத்தின் ஜிப்பில் அவள் கைக்குட்டை கட்டியிருந்தது.

“ஜன்னல் சீட் யக்கா! வாசலத் தொறந்தா நேரா மலை!”

அன்று சாயங்காலம் சூப்பை அவள் தொடவில்லை. ராஜ்மா வாசனை வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்னாச்சு? தலை வலிக்கறதா?”

“லேசா. படுத்தாச் சரியாப் போவும்.”

“எப்போலேர்ந்து?”

நான் சுனிதாவைக் கூப்பிட்டேன். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்ஸிஜன் எழுபத்தாறு காட்டியது. எனக்கு எண்பத்தெட்டு. பல்பீர் வந்தான். இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டான். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மெஹருவின் பாட்டிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது. என் பாட்டிலில் பாதி.

பத்தொன்பது வருடப் பழக்கம் அது. வீட்டை விட்டுக் கிளம்பினால் ஆபீஸ் போய்ச் சேரும்வரை வாயில் தண்ணீர் படாது. பட்டால் நடுவில் எங்கே போவது? ஸ்டேஷன் கழிப்பறைக்குள் நுழைய முடியாது, வண்டியிலும் வசதி கிடையாது. எங்கள் டப்பாவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான், யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆறும் அருவியுமாகப் பார்க்கும் இடத்திலெல்லாம் தண்ணீர் ஓடும் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை நான் பல்பீருக்கு இந்தியில் விளக்கினேன். அவன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். சுனிதா மட்டும் புரிந்ததாகத் தலையாட்டினாள்.

தீர்ப்பு இதுதான். நாளை மெஹரு மேலே ஏறக்கூடாது. சுனிதாவோடு இங்கேயே ஓய்வு. மறுநாள் காலையில் தலைவலி போய், ஆக்ஸிஜனும் ஏறியிருந்தால் சுனிதா பள்ளத்தாக்குக்குக் கூட்டிவருவாள். இல்லையென்றால் நேரே சாங்க்ரிக்கு இறக்கம்.

“நானும் இங்கயே இருக்கேன்,” என்றேன்.

“எதுக்கு? என் தலைவலிய வேடிக்கை பாக்கவா? சோலியப் பாரு யக்கா. நீ போ.”

“ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கணும்னுதானே வந்தோம்?”

“ரெண்டு பேரும் பாக்காமப் போறதுக்கா வந்தோம்? போன்னா போ.”

காலையில் அவளுக்கு எண்பத்தொன்று. கூடாரத்துக்குள் படுத்தபடியே கையை மட்டும் ஆட்டினாள். திறந்த வாசல் வழியாக மலை நேராகத் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. பாதி கோபம், பாதி பயம். ஒரு கூடாரத்துக்காகவா இப்படி ஓடுவாள் என்று அன்று முழுக்கத் திட்டிக்கொண்டே நடந்தேன். திட்டியபடியே ஞாபகமாகத் தண்ணீர் குடித்தேன்.

ஹர் கி தூன் ஏறத்தாழ பதினோராயிரத்து எழுநூறு அடி. மரங்கள் ஒரு கட்டத்தில் விடைபெற்றுக்கொள்கின்றன, பிறகு தரை அகலமாகத் திறக்கிறது. பழுத்த புல், நடுவே ஆறு, எதிரே வெள்ளை வெளேரென்று ஸ்வர்காரோஹிணி சிகரம். படத்தில் பார்த்ததைவிடப் பெரிது, பக்கத்தில் இருப்பதுபோலவும் இருக்கிறது. எல்லாரும் படம் எடுத்தார்கள். நான் ஒன்றுகூட எடுக்கவில்லை. ராத்திரி தேங்காயெண்ணெய்ப் புட்டி கல்லாக உறைந்திருந்தது. கீழே அவளுக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

மறுநாள் குழுவில் பெரும்பாலானவர்கள் இன்னும் மேலே இருக்கும் ஏரியைப் பார்க்கப் போனார்கள். நான் போகவில்லை. பாதையும் மலையும் இரண்டும் தெரிகிற மாதிரி ஒரு தட்டைப் பாறை இருந்தது. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், பின்னால் சாய்ந்துகொள்ள இன்னொரு பாறை. நல்ல வெயில். நான் ஓரமாக உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிவாக்கில், ஏரிக்குப் போகாமல் தங்கிவிட்ட நாக்பூர்ப் பெண் டீக்கோப்பையோடு வந்தாள். சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் உட்காரக் குனிந்தாள். நான் யோசிக்கவேயில்லை. என் கை தானாகப் போய்க் கைக்குட்டையை எடுத்துப் பாறையில் விரித்தது.

“கோயி ஆ ரஹா ஹை.”

அந்தப் பெண் நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பாறைகள். மும்பை லேடீஸ் டப்பாக்களை மொத்தமாகக் கொண்டுவந்து இறக்கினாலும் மிஞ்சும். அவள் நாலு பாறை தள்ளிப் போய் உட்கார்ந்தாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கைக்குட்டையை எடுக்கவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு மேல் பாதையின் வளைவில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. முன்னால் மெஹரு, பின்னால் சுனிதா. மெஹரு அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததே இல்லை. பத்தடிக்கு ஒருதரம் நின்று பாட்டிலைத் திறந்து குடித்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாம் என்று எழுந்தேன். எழுந்தால் இடம் போய்விடும் என்று திரும்ப உட்கார்ந்துவிட்டேன். சிரிக்காதீர்கள், அப்படித்தான் தோன்றியது.

வந்து நின்றாள். கைக்குட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“யக்கா, நீ எந்த ஸ்டேஷன்ல ஏறுன?”

“பேசாம உக்காரு.”

உட்கார்ந்தாள். மலையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பாட்டிலைத் திறந்து குடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“இம்புட்டு நேரமும் ஒருத்தரும் சண்டைக்கு வரலியா?”

“ஒருத்தி வந்தா. தொரத்திட்டேன்.”

அவள் சிரித்த சிரிப்பில் நாக்பூர்ப் பெண்ணே திரும்பிப் பார்த்தாள். கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தோம். இரண்டு பேர் பாறையில் மூன்று பேர் உட்காருவது எங்களுக்குப் பெரிய வித்தையில்லை.

போகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். கையில் ஒரு நாள் கூடுதலாக இருக்கும் திட்டமாக எடுங்கள். அந்த இரண்டாயிரத்து ஐந்நூறு இல்லையென்றால் மெஹரு பள்ளத்தாக்கைப் பார்த்திருக்க மாட்டாள். பையைக் கழுதையில் ஏற்ற நாளைக்கு முந்நூற்றைம்பது ஆகிறது. ஐம்பது தாண்டியவர்கள் ரோஷம் பார்க்காமல் கொடுத்துவிடுங்கள். தலை வலித்தால் அப்போதே சொல்லுங்கள், மறைக்காதீர்கள். கூடாரங்கள் எல்லாம் ஒன்றுதான். முக்கியமாகப் பெண்களுக்கு: தண்ணீர் குடியுங்கள். அங்கே ஒதுங்க இடம் இருக்கிறது, கேட்க வெட்கப்பட வேண்டாம். நம் ஊர் பழக்கத்தை மலைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சில பழக்கங்களை மட்டும் கொண்டுபோகலாம்.

ஏப்ரலிலிருந்து நான் பேலாப்பூர் போகிறேன். எதிர்த்திசை வண்டி காலியாகவே வருகிறது, ஜன்னலோரம் தினமும் கிடைக்கிறது, பக்கத்து இடத்தைக் கேட்க ஆளில்லை. செம்பூர் விட்டால் கோவண்டி, அடுத்து மான்கூர்ட். எதிர் பிளாட்ஃபாரத்தில் அவள் தன் வண்டிக்காக நின்றுகொண்டிருப்பாள். என் வண்டி நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் பேசவெல்லாம் முடியாது. அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து எனக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டி, நாலு மடக்கு குடிப்பாள். நானும் என் பாட்டிலைத் திறந்து குடிப்பேன்.