மலையிலிருந்து இறங்க வைத்த குறுஞ்செய்தி

போன வருடம், மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நடந்தது இது.

பைத்தான் என்ற கணினி மொழியில் இணையச் செயலிகள் எழுதுவது என் வேலை. அதற்கென்றே உள்ள ஒரு ஃபிரேம்வொர்க்கை, அதாவது ஆயத்தக் கட்டமைப்பை வைத்து, குழுவாக இயங்குபவர்கள் கூட்டத் தேதி, செய்தி, கோப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பகிர்ந்துகொள்ளும் மென்பொருள் ஒன்றை உருவாக்கினேன். ஓப்பன் சோர்ஸ் என்பதால் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். முதலில் நம்பி எடுத்துக்கொண்டது கல்வராயன் மலையில், கரியாலூர் பக்கத்துப் பெண் விவசாயிகள் குழு. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியைச் சேர்த்துவிட்டுச் சோதித்துப் பார்த்தேன். 'விதை மானியம் தருகிறார்கள், நாளை காலை கள்ளக்குறிச்சிக்கு வரவும்' என்று தோன்றியதைத் தட்டினேன். சோதனைக்கான போலி எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் அவர்களுடைய நிஜ எண்கள் இருந்ததைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை குழுத் தலைவி போன் செய்தார். "பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு இருக்கோம்மா. மானியம் எங்க குடுக்கறாங்க?"

என் வீடு அதே ஊரில்தான். ஓடினேன். மரவள்ளி பிடுங்குவதைப் பாதியில் விட்டுவிட்டு, முதல் பஸ் பிடித்து இறங்கியிருந்தார்கள். ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தை.

"கம்ப்யூட்டர் தப்பா அனுப்பிடுச்சுக்கா" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

குழந்தை வைத்திருந்த பெண் என் தோளைத் தொட்டார். "மெஷினுக்கு இன்னா தெரியும்? வுடும்மா. நீ இன்னாத்துக்கு அழுவற?"

அந்த ஆறுதலை என்னால் தாங்க முடியவில்லை. "மெஷின் இல்லக்கா. நான்தான் பாக்காம அனுப்பிட்டேன்."

தோளிலிருந்த கை மெல்ல விலகியது.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார் தலைவி. டீயாவது குடியுங்கள் என்று கெஞ்சினேன். "வேணாம்ங்க, பஸ்ஸு போயிடும்" என்று நடந்துவிட்டார்கள். அந்த 'ங்க'வில் நான் அந்நியமாகிப் போனேன்.

வீட்டுக்கு வந்து, நிரலில் செய்த திருத்தத்துக்கான குறிப்பில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதி, அழித்து, 'என் கவனக்குறைவு' என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன்.

சில நாள் கழித்துத் தலைவியே கூப்பிட்டார். "சரி பண்ணிட்டியாம்மா? கூட்டம் வெக்கணும், எல்லாருக்கும் சொல்லணும்."

அவர்கள் மன்னித்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் தப்பை ஒரு மெஷின் மேல் போட்டுவிட்டு அவர்கள் எதிரில் நின்ற அந்தச் சில நிமிடங்களுக்காக, இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.