கைக்குட்டை போட்ட நாற்காலி

இதை நான் இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் குமரவேல் மளிகைக்கடையில் போய்க் கேட்டுப் பார்க்கலாம். அவர் முறைப்பார். அதுவே சாட்சி. பாதி ஜெயந்த் வாயால் கேட்டது, மீதி நான் விசாரித்தது. விசாரிப்பதில் நான் குறை வைத்ததாக எங்கள் பாலிகஞ்ச் கட்டடத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

மேல்வீட்டு ஜெயந்துக்கு நாற்பத்தொன்று. வங்கி அதிகாரி, தனிக்கட்டை, சீட்டாட்டப் பைத்தியம். குமரவேலின் மகள் சரிதாவை இரண்டு வருடமாகச் சுற்றிவந்தான். அரைக் கிலோ உளுந்துக்கு வாரத்தில் ஐந்து முறை போனால் ஊருக்குத் தெரியாதா? “சீட்டை விட்டா யோசிக்கறேன்” என்றாள் அவள். விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தான். போன மாதம் ஒரு சனிக்கிழமை, இரவுச் சாப்பாட்டுக்கு வந்து பதில் சொல்வதாக அவள் ஒப்புக்கொண்டாள். மேதை தேர்ந்தெடுத்த இடம், கார்டன் ரீச் தாண்டி ஆற்றோரம் புதிதாகத் திறந்திருந்த காசினோ ரிசார்ட்.

கண்ணாடி விளக்குகள், சிவப்புக் கம்பளம். சரிதா எட்டரைக்கு வருவாள். ஜெயந்த் 7.40க்கே போய்விட்டான். அவள் வருவதற்குள் ஒரே ஒரு ஆட்டம்... மேஜையில் உட்கார்ந்ததும், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல, இடப்பக்கத்துக் காலி நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டான். தன் பக்கத்து இடம் இனி சரிதாவுக்குத்தான் என்று ஒரு நினைப்பு.

மணி 8.05. சீட்டுப் போடும் பெண் அந்தக் காலி நாற்காலிக்கும் இரண்டு சீட்டு வைத்தாள்.

“ஆள் இன்னும் வரலை” என்றான்.

அவள் சிரித்தாள். விளையாட்டு என்று அவனும் சிரித்தான்.

8.12. ஃபோனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். அந்த இரண்டு சீட்டும் திரும்பிக் கிடந்தன. இருபத்தொன்று. ஜெயிக்கிற கை.

“பௌதிக்கு நல்ல கைராசி, தாதா” என்றார் எதிரே இருந்த பெரியவர். இங்கே வங்காளிகள் அண்ணனைத் தாதா, அண்ணியைப் பௌதி என்பார்கள்.

எந்தப் பௌதி? அவன் கேட்கவில்லை. அடுத்த சீட்டு வந்துவிட்டது.

8.31. ஆற்றுச் சேற்று வாடை. மூடிய அறைக்குள்...

இடது கை மட்டும் குளிர்ந்தது.

நாற்காலி மெத்தை அமுங்கியிருந்தது.

கைக்குட்டையைக் காணோம்.

8.34. ஃபோன். சரிதா.

“வாசல்லேர்ந்து பாத்துட்டேன்.”

“சரிதா, சும்மா ஒரே ஒரு ஆட்டம்...”

“சீட்டை விடுங்க. பச்சைப் புடவை யாரு? உங்க தோள்ல சாஞ்சிருக்காளே.”

திரும்பினான்.

யாரும் இல்லை.

தோள் நனைந்திருந்தது.

ஓடினான். வாசலில் சரிதா இல்லை. டாக்சியில் ஏறினான். காவலாளி கதவைச் சாத்தாமல் பிடித்தபடி நின்றான்... பிறகு யாருடைய முந்தானையோ மாட்டிக்கொள்ளாமல் பார்த்து, மெதுவாகச் சாத்தினான்.

சரிதா அதன்பின் பேசவில்லை. உளுந்து இப்போது வேறு கடையில்.

போன திங்கள், மதியம் 1.20. ஜெயந்த் வங்கியில். வீடு பூட்டு, சாவி அவன் பையில். மாலையில் வந்து பார்த்தால் அடுப்படிக்குள் புதுச் சிலிண்டர். ஏஜென்சியைத் திட்டினான். நான் திட்டவில்லை, சிலிண்டர்காரர் அடுத்த முறை வந்தபோது கீழே போய்ப் பிடித்தேன்.

“பௌதிதான் கதவைத் திறந்தாங்க” என்றார். “உருட்டாம தூக்கிட்டு வா, தாதா தூங்கறார்னாங்க.”

எதையும் மறுநாள்வரை வைத்திருக்கத் தெரியாதவள் நான். இதை மட்டும் ஜெயந்திடம் இன்னும் சொல்லவில்லை.