ராதோஸ்வேதா எடை போட்ட தூசி

எங்கள் ஊரில் காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பு மாலைக்குள் சாம்பல் பூத்துவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஈயம் உருக்கும் ஆலை, இந்தப் பக்கம் பள்ளிக்கூடம். ராதோஸ்வேதா அங்கே வேதியியல் எடுத்தாள். நான் பக்கத்து அறையில் புவியியல். அவள் கணவன் காமென் அந்த ஆலையில்தான் வேலை பார்த்தான்.

தராசு காட்டாத இலக்கத்தைப் பிள்ளைகள் எழுதினால் அவளுக்குப் பொறுக்காது. அந்த இலையுதிர் காலத்தில் பாடத்துக்காக ஒரு கண்ணாடித் தட்டைக் கூரையில் வைத்தாள். ஒரு மாதத்தில் அதன் எடை 0.03 கிராம் கூடியிருந்தது.

"மூணு பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் ரெண்டுன்னு எழுதுங்க," என்றாள். "முன்னாடி நிக்கிற பூஜ்யமெல்லாம் இடம் காட்டத்தான். அளந்தது அந்த மூணு மட்டும். அதுவும் ரெண்டா இருக்கலாம், நாலா இருக்கலாம்."

தட்டின் பரப்பால் வகுத்தபோது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய மூன்று கிராம் வந்தது. மாதத்துக்கு அனுமதித்த அளவு 2.8 கிராம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்ல, செய்தி ஊர் முழுக்கப் பரவியது.

மாலையில் ஸ்த்ராவ்கா ராதோஸ்வேதாவின் வீடு தேடி வந்தாள். அவளுடைய ஐந்து வயது மகள் மிலாவின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்கும் நகராட்சிக் கூட்டம் அந்த வெள்ளிக்கிழமை.

"டீச்சர், அந்தக் கணக்கை எழுதிக் குடுங்க."

"மூணுன்னு உறுதியா சொல்ல முடியாது ஸ்த்ராவ்கா. பெரிய தட்டு வச்சு இன்னொரு மாசம் அளந்தா..."

"இன்னொரு மாசமா? எம்பொண்ணு தின்னதையெல்லாம் வாந்தி எடுக்குறா. கால்குலேட்டர் என்ன காட்டுச்சு?"

"2.970297."

"அதையே எழுதுங்களேன். மெஷின் சொன்னதுதானே? நீங்க ஒண்ணும் பொய் சொல்லலையே."

சமையலறையிலிருந்து காமென் குரல் கொடுத்தான். "எழுது, எழுது. ஆலையை மூடட்டும். நான் பொண்டாட்டி சம்பளத்துல பீர் குடிச்சுக்கிறேன்."

கூட வந்திருந்த மிலா அம்மாவின் கோட்டைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றாள். நிற்கவே அவளுக்குத் தெம்பில்லை. ராதோஸ்வேதா ஏழு இலக்கத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கூட்டத்தில் ஆலையின் பொறியாளர் மரியாதையாகத்தான் கேட்டார். "மேடம், உங்க தராசு எதுவரைக்கும் காட்டும்?"

அவள் மாணவர்கள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். "கிராம்ல நூத்துல ஒரு பங்கு வரைக்கும்," என்றாள்.

"அப்ப இந்த ஏழு இலக்கம் எங்கேருந்து வந்துச்சு?"

"வகுத்ததுல வந்துச்சு."

"என் பையன் இப்படி எழுதினா எத்தனை மார்க் போடுவீங்க?"

கூட்டத் தலைவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். "தப்பா எழுதினது நான்," என்றாள் ராதோஸ்வேதா. "தூசி விழுறது பொய் இல்ல. நீங்க வந்து அளந்து பாருங்க."

"வருஷா வருஷம் அளந்துகிட்டுத்தானே இருக்கோம், மேடம்."

ஐந்து வருடத்துக்கு உரிமம் கிடைத்தது.

வெளியே வந்ததும் ஸ்த்ராவ்கா அவளை நிறுத்தினாள். "நல்ல தராசுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அங்க போய் எதுக்கு நியாயம் பேசுனீங்க?" அன்றைக்கு நான்தான் ராதோஸ்வேதாவை வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அடுத்த வாரம் ரொட்டி சுடும் பெரிய தட்டுகளை எடுத்துக்கொண்டு பள்ளிக் கூரைக்குப் போனாள். தலைமையாசிரியர் கதவைப் பூட்டி வைத்திருந்தார். அவற்றைத் தன் வீட்டு பால்கனியில் பரப்பினாள்.

"இது தெரிஞ்சா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க," என்றான் காமென்.

"தெரியும்."

"அப்புறம் எங்க போறது?"

"தெரியல."

அவன் தட்டுகளைப் பார்த்தான். ஆனால் தொடவில்லை. குளிர்காலம் முழுக்க அவள் தட்டில் விழுந்த பனியை உருக்கி, வற்றவைத்து, மிஞ்சிய கசடை எடை போட்டாள். ஏப்ரலில் கணக்கு முடிந்தது: மாதத்துக்கு 3.62 கிராம்.

நகராட்சியில் அந்தக் கணக்கை வாங்க மறுத்தார்கள். முன்பு தவறான கணக்குக் கொடுத்தவர் என்றார்கள். ஸ்த்ராவ்காவின் வீடு பூட்டிக் கிடந்தது. மிலாவைத் தலைநகர் சோஃபியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

"இந்த மூணு இலக்கமும் நிஜமா அளந்தது," என்றாள் என்னிடம், ஆசிரியர் அறையில். "இதை யார்கிட்ட குடுக்கிறது, சொல்லு."

மணி அடித்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பத்தாம் வகுப்புக்குப் போனாள்.