மனுக்காரம்மாவின் கூரை

மனுக்காரம்மா எதிரே வருகிறாள் என்றால் பால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அடுத்த சந்தில் நுழைந்துவிடுவார். அளவு குறைகிறதென்று அவர்மேல் ஒரு மனு இருக்கிறது. கோழி வளர்க்கும் எதிர்வீட்டுக்காரிமேல் இரண்டு. மனுக்காரம்மாவால் தபால் ஆபீஸுக்கு நல்ல வரும்படிதான், ஆனால் அங்கேயும் அவளை ஒருவருக்கும் பிடிக்காது. அவர்கள்மேலும் ஒன்று எழுதியிருக்கிறாளே!

நீதிமன்றத்தில் இருபத்தாறு வருஷம் தட்டச்சு அடித்து ஓய்வு பெற்றவள். அங்கே இரண்டு விஷயம் கற்றுக்கொண்டாள். ஒன்று, உள்ளதை உள்ளபடி எழுதினால் எந்த அதிகாரியும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். சொட்டுகிறது என்றால் கொட்டாவி விடுவான், அருவியாகக் கொட்டுகிறது என்றால்தான் கண்ணாடியை எடுத்து மாட்டுவான். இரண்டாவது, எந்த மனுவானாலும் நாலு ஆபீஸுக்கு நகல் போக வேண்டும். அப்படி ஊதி எழுதுவதற்குப் பொய் என்று பெயர் என்பதை அவளிடம் எடுத்துச் சொல்ல யாருக்குத் தைரியம்?

அந்த ஊருக்குப் புயல் புதிதல்ல. இந்த முறை வந்தது அவள் வீட்டுத் தகரக் கூரையில் பாதியைப் பிடுங்கிப் பள்ளிக்கூட மைதானத்தில் போட்டுவிட்டுப் போனது. புருஷனுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருஷம். லாரி ஓட்டிய மனுஷன், வலது பக்கம் முழுக்கச் செயலில்லை. மேலே கான்கிரீட் போட்ட இடம் சமையலறை ஒன்றுதான் என்பதால் அவர் கட்டிலை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டிருந்தாள்.

"இனிமே உப்புப் போட மறந்தா கையும் களவுமா பிடிச்சிருவேன்," என்றார் அவர், பாதி வாயால்.

சிரிப்பெல்லாம் சரி. சமையலறை தாழ்வான இடம். இன்னொரு புயல் வந்தால் திறந்து கிடக்கும் கூரை வழியாக விழுகிற மழை மொத்தமும் அங்கேதான் வந்து தேங்கும். அவரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மனுக்காரம்மா கூப்பிட்டால் அந்தத் தெருவில் யார் வருவார்கள்? அடுத்த மாதத்துக்குள் கூரை ஏறியாக வேண்டும்.

ஆனாலும் அவள் கலங்கவில்லை. பதினோரு வருஷமாக வீட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டுகிறாள். பாலிசியை ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படித்தவள். காற்றில் கூரை பெயர்ந்தால் பணம் உண்டு. பெயர்ந்த கூரை வழியாக மழை நுழைந்தாலும் உண்டு. தரையோடு ஏறிவரும் வெள்ளத்துக்கு இல்லை, அதற்குத் தனிப் பாலிசி. புயலுக்கு முன்பே இருந்த பழுதுக்கும் இல்லை. எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தாள். மகள் வயதுதான் இருக்கும். ஏணி வைத்து ஏறினாள், அளந்தாள், படம் எடுத்தாள். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு ஃபைலைத் திறந்தாள்.

"அம்மா, இது உங்க கையெழுத்தா?"

"என் கையெழுத்த வேற எவ போடுவா?"

சர்வேயர் வாசித்தாள். "'மேற்படி கூரை போட்ட நாள் முதலாக அருவியாக ஒழுகுகிறது. ஒரு திருகாணிகூடப் பிடிக்கவில்லை. சிறு காற்றுக்கே தூக்கி ஆடுகிறது.' போன வருஷம் எழுதியிருக்கீங்க."

அது கூரை போட்டவர்மேல் அவள் எழுதிய மனு. அவள் ஃபைலை எட்டிப் பார்த்தாள். "இத யாரு குடுத்தா? அந்தக் கூரைக்காரனா?"

"நீங்கதாம்மா பதிவுத் தபால்ல அனுப்பியிருக்கீங்க. கீழ பாருங்க. நகல், இன்சூரன்ஸ் கிளை மேலாளர், தகவலுக்காக."

நிஜத்தில் ஒழுகியது எவ்வளவு? குழாய் ஏறும் மூலையில், பெருமழை அடித்தால் நாலு சொட்டு. ஒரு டம்ளர் வைத்தால் போதும்.

"காத்து பிடுங்கின கூரைக்குக் குடுப்போம்மா. ஏற்கெனவே ஆடிக்கிட்டிருந்த கூரைக்கு எப்படிக் குடுக்கறது? சரியாத்தான் போட்டேன்னு கூரை போட்டவர்கிட்ட ஒரு கடிதம் வாங்குங்க. இத ஏன் எழுதினீங்கன்னு நீங்களும் ஒண்ணு குடுங்க. பதினஞ்சு நாள் டைம்," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

கூரைக்காரரின் பட்டறையில் ஆறு பேர் தகடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் சத்தம் நின்றது. அவர் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

"குடுக்கறேன். என் வேலை சுத்தம், அத எழுத எனக்கென்ன வெக்கம்? ஆனா உங்க கடுதாசியால பள்ளிக்கூடக் கூரை வேலை என் கைய விட்டுப் போச்சு. ரெண்டு பேர வீட்டுக்கு அனுப்பினேன். அதனால, எழுதினதெல்லாம் பொய்னு எழுதிட்டு வாங்க. இங்க நின்னு இவங்க முன்னாடி வாசிங்க. அப்புறம் என் கடிதத்த வாங்கிட்டுப் போங்க."

"ஒழுகலேன்னு சொல்றியா நீ?"

"அருவியாவா ஒழுகிச்சு?"

பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான். "உன் தயவுல என் தலைமேல கூரை ஏற வேண்டாம்யா!" என்று கத்திவிட்டு அவள் வெளியே வந்தாள். வீடு வரைக்கும் கூரைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நடந்தாள்.

"என்ன சொன்னான்?" என்றார் புருஷன்.

"தர முடியாதுன்னுட்டான். திமிரு பிடிச்சவன்."

"அந்த வெள்ளச் சட்டைய எடு. ஆட்டோவுக்குச் சொல்லு. என்னை அவன் எதிர்ல கொண்டுபோய் ஒக்கார வெச்சிரு. உன்னப் பாத்தா கோவம் வரும். என்னைப் பாத்தா மனசு எளகும். நான் கெஞ்சிக் கேக்கறேன்," என்றார்.

அவள் சட்டையை எடுத்து வந்தாள். அசையாத கையை முதலில் நுழைத்தாள். இரண்டு பொத்தான் போட்டாள். மூன்றாவதைப் போடாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"தரேன்னுதான் சொன்னான்," என்றாள். "நான் எழுதினது பொய்னு எழுதித் தரணுமாம். அவன் ஆளுங்க முன்னாடி வாசிக்கணுமாம்."

"பொய்தானே?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"ஊரே என்னைத் திட்டும்போது நீங்க ஒருத்தராவது..."

"ஊரு திட்டும்போதெல்லாம் சிரிச்சுக்கிட்டே இருந்தேன். அதான் நான் பண்ணின தப்பு," என்றார் அவர். நாற்பது வருஷத்தில் அவர் அவளிடம் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். "தண்ணி வந்தா மூழ்கறது நான். நீ எந்திரிச்சு நடந்துருவே. பொய்தானே? சொல்லு!"

"ஆமா."

"காகிதம் எடு."

அவள் கட்டிலோரம் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். மேற்படி, நான் எழுதியது... பேனா நின்றது.

"கொஞ்சம் மிகையாகன்னு போடவா?"

"பொய்னு போடு."

போட்டாள். கையெழுத்தும் போட்டு மடித்தாள். அவர் இடது கையை நீட்டி வாங்கிப் பிரித்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"போ. முணுமுணுன்னு வாசிக்காத. கடைசி ஆளுக்கும் கேக்கற மாதிரி வாசி."