கையெழுத்துக் கேட்ட கட்சிக்காரர்

போன செவ்வாய்க்கிழமை காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப் போனேன், கைப்பேசி அடித்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து கஸ்தூரி, பொன்னுரங்கத்தின் மகள். "சார், நைனா பூட்டாரு. தூக்கத்துலயே" என்றாள். பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். அவளே தொடர்ந்தாள். "யார் யாருக்குச் சொல்லணும்னு ஒரு சீட்டு எழுதி வெச்சிருந்தாரு சார். வரிசைய மாத்தக் கூடாதுன்னு கீழ கோடு வேற போட்டுக்கிறாரு. மொதல்ல குப்பம். அவங்களுக்குச் சொல்லிட்டேன். ரெண்டாவது நீங்க. மூணாவதுதான் கட்சி ஆபீசு."

சைக்கிள் கடை பொன்னுரங்கத்தை அறிந்தவர்கள் இன்னும் நாலைந்து பேராவது இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் அவருடைய நண்பன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை கிடையாது. அவர் பிழைப்பில் கை வைத்தவன் நான். அப்படிப்பட்டவனுக்கு, உயிராக நினைத்த கட்சிக்கு முந்தின இடத்தைப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இட்லி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் சில தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றில் ஒன்றில் எனக்கு வேலை. அரசாங்க அலுவலகங்களில் கம்பெனிக்கு ஆகவேண்டிய காரியங்களை முடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. பதவிக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஊரில் அதற்குக் காக்கா பிடிப்பது என்று பெயர். எனக்கு அது நன்றாகவே வந்தது. இருபத்தேழு வயதில் யாருக்கு எந்தப் பழம் பிடிக்கும், யார் மகளுக்கு எப்போது கல்யாணம் என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தேன்.

அந்தக் காலத்தில் தொலைபேசி இணைப்பு என்பது குதிரைக்கொம்பு. மனுப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் ஒரு இணைப்பு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது பொருள் கிடங்குக்காரர் மேசைமேல் இருந்தது. மேலாளர் பேச வேண்டுமென்றால் எழுந்து நடந்து போய், ஆணி மூட்டைகளுக்கு நடுவே நின்று பேச வேண்டும். அது அவருக்குப் பெரிய மானப் பிரச்சினையாகிவிட்டது. தன் மேசைக்கு ஒன்று வேண்டும் என்றார். மனுவில் நான் "உற்பத்திக்கு மிக அவசியம்" என்று எழுதினேன்.

வரிசையை மீறி யாருக்காவது இணைப்புக் கொடுக்க வேண்டுமென்றால் தொலைபேசி ஆலோசனைக் குழு என்று ஒன்று பரிந்துரைக்க வேண்டும். திருவள்ளூரில் அது கூடும். நம் பகுதிக்கான உறுப்பினர் கையெழுத்துப் போட்டால்தான் நம் பகுதி மனு நகரும். அந்த உறுப்பினர் பொன்னுரங்கம். அவருக்கும் தொலைபேசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கட்சிக்காகச் சிறைக்குப் போனவர், சுவரொட்டி ஒட்டியே கை வெந்தவர். எப்போதாவது ஒரு கைம்மாறு செய்ய வேண்டுமே என்று கட்சி அந்த இடத்தில் அவரை உட்கார வைத்தது. எனக்கு அது வசதியாகவே பட்டது. கட்சி கிழித்த கோட்டைத் தாண்டாதவர் என்று பெயர் எடுத்தவர். கட்சியைப் பிடித்தால் அவரைப் பிடித்த மாதிரி என்று கணக்குப் போட்டேன்.

அவரையும் சும்மா விடவில்லை. தொழிற்சாலை வாசலில் தொழிலாளர்களின் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையை அவர் பொறுப்பில் கொடுத்தோம். பஞ்சர் ஒட்டுவது, காற்று அடிப்பது எல்லாம் அவர்தான். நாங்கள் அதைத் தூண்டிலில் மாட்டிய புழு என்று நினைத்தோம். அவர் அதை வேலை என்று நினைத்தார். ஒவ்வொரு நாளும் சங்கு ஊதுவதற்கு முன்னால் வந்து நின்று, யார் வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்று பார்த்து, கேட்காமலே சரிசெய்து வைப்பார். கடையில் இருந்த வருமானத்தைவிட அதுதான் அவர் குடும்பத்தைத் தாங்கியது. அப்போது கஸ்தூரி கைக்குழந்தை.

குழு கூடும் நாள் வந்தது. அந்த முறை ஒரே ஒரு இணைப்புக்குத்தான் கம்பியும் கம்பமும் இருந்தன. வரிசையில் முதலில் இருந்தது, பழவேற்காடு ஏரிக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஒரு மீனவர் குப்பம். ஊருக்குப் பொதுவாக ஒரு தொலைபேசி வேண்டும் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் மனுப் போட்டிருந்தார்கள். எங்கள் மனு வெகு பின்னால் கிடந்தது.

அன்று காலை கம்பெனி ஜீப்பில் பொன்னுரங்கத்தை ஏற்றிக்கொண்டேன். முதலில் வரமாட்டேன் என்றார். பிறகு, "பெரியபாளையம் வரைக்கும் வர்றேன் சார், அங்க எறக்கி உட்டுடுங்க. அங்கேர்ந்து பஸ்ல வந்துக்கிறேன். ஜீப்ல போய் எறங்குனா, ஜீப்பு பேசுதுன்னுதான் சொல்லுவானுங்க" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். வழியில், பேச்சுவாக்கில் கேட்பதுபோல், அந்தக் குப்பத்துக்கு எதற்குத் தொலைபேசி என்று கேட்டேன்.

"புயல் சேதி வருதில்ல சார், அது கும்மிடிப்பூண்டி வரைக்கும் கம்பில வந்துடும். அதுக்கப்புறம் இன்னா வழி? ஒரு ஆள் என் கடைக்கு வந்து வாடகை சைக்கிள் எடுத்துக்கினு போவான். ஏரிக்கரைல சைக்கிளப் போட்டுட்டு, படகு புடிச்சு அந்தாண்ட போவணும். போன வருசம் அப்புடித்தான் போனான். அவன் போய்ச் சேர்றதுக்குள்ள கட்டுமரம் கெளம்பிடுச்சு. ரெண்டு பேரு திரும்பல."

சாலையோரம் போன ஒரு சைக்கிளையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "நல்ல சைக்கிளுதான் சார் குடுத்தேன். புது டயரு" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கடப்படுவதற்கு எனக்குச் சம்பளம் கிடையாது. அவரைப் பெரியபாளையத்தில் இறக்கிவிட்டு நேராகத் திருவள்ளூரில் கட்சித் தலைவர் வீட்டுக்குப் போனேன். எல்லாம் ஏற்கெனவே பேசி முடிந்திருந்தது. கட்சி மாநாட்டுக்குப் பந்தல் எங்கள் கம்பெனி போடும். பதிலுக்குத் தலைவர் பொன்னுரங்கத்திடம் ஒரு வார்த்தை சொல்வார். குழு கூடுவதற்கு முன்னால் தன்னை வந்து பார்க்கும்படி அவருக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

பொன்னுரங்கம் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தலைவர் என்னைக் காட்டி, "கம்பெனிக்காரங்க நமக்கு வேண்டியவங்க. அந்த போனுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுடுப்பா. கட்சி சொல்லுது" என்றார்.

"சரிங்க தலைவரே" என்றார் பொன்னுரங்கம்.

காரியம் முடிந்தது என்று நான் காப்பியைக் கையில் எடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்துப் பிரித்து, கசங்கலை நீவி, தலைவர் முன்னால் வைத்தார்.

"எழுதிக் குடுங்க தலைவரே."

"இன்னாத்தப்பா எழுதறது?"

"குப்பத்துக்கு வரவேண்டிய போன கம்பெனிக்குக் குடுக்கச் சொல்லி கட்சி சொல்லுதுன்னு ரெண்டு வரி. கீழ உங்க கையெழுத்து. அது போதும். நான் கண்ண மூடிக்கினு போட்டுடுவேன்."

தலைவர் சிரித்துவிட்டார். "ஏம்பா, என் மேல நம்பிக்கை இல்லியா உனக்கு?"

"ஐயையோ, இன்னா தலைவரே இப்புடிக் கேட்டுட்டீங்க? வாயால சொன்னீங்கன்னா வாயால செய்யற வேலை எதுவா இருந்தாலும் செய்வேன். கோஷம் போடச் சொல்லுங்க, தொண்ட கிழியப் போடறேன். இது கையெழுத்து வேலை. கையெழுத்துக்குக் கையெழுத்துதான் தலைவரே."

அதில் எதிர்ப்பு இல்லை, கேலி இல்லை. குழந்தை கேட்பதுபோல் கேட்டார். தலைவர் பேனாவைத் திறந்தார். "அன்புள்ள பொன்னுரங்கத்துக்கு" என்று எழுதினார். அதற்குமேல் பேனா போகவில்லை. தாளில் ஊன்றியபடியே நின்றது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனையோ மேசைகளில் எத்தனையோ பேர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துப் பழகியவன் நான். ஒரு பெரிய மனிதர் தன் மனதில் இருப்பதை எழுத முடியாமல் திணறியதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு மெய்சிலிர்த்தது. அதை வெளியில் காட்டாமல் இருக்கக் காப்பியைக் குடித்தேன்.

தலைவர் பேனாவை மூடினார். "சரி, நீ போய் உனக்கு இன்னா சரின்னு தோணுதோ செய்" என்றார்.

பொன்னுரங்கம் அந்தத் தாளை எடுத்து மடித்து மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார். கும்பிட்டுவிட்டுப் போனார். குப்பத்துக்கு இணைப்புக் கிடைத்தது.

மேலாளர் குதித்தார். அடுத்த நாளே சைக்கிள் கொட்டகையை வேறு ஆளுக்குக் கொடு என்றார். "காகிதம் எதுவும் வேண்டாம். காவல்காரனிடம் சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பச் சொல்" என்றார். அதுதான் எங்கள் வழக்கம். நானே அப்படிப் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்று முடியவில்லை. ஏன் என்று கேட்டால் அந்த வெள்ளைத்தாள்தான். கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்தேன். கொட்டகைப் பொறுப்பு இன்றோடு முடிகிறது என்று நாலு வரி. கீழே என் கையெழுத்தைப் போட்டு நானே எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன்.

டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்திக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார். முகம் ஒரு கணம் வாடியதைப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே வாடியது. பிறகு கையெழுத்தின் மேல் விரலை வைத்து, "இது நீங்க போட்டதா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"கெட்டதா இருந்தாலும் எழுதிக் குடுத்தீங்க பாருங்க சார், அதான் மரியாதை" என்றார். உள்ளே பார்த்து, "இன்னாம்மே, சாருக்கு டீ போடு" என்று மனைவியிடம் குரல் கொடுத்தார். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

குப்பத்துக்குத் தொலைபேசி வந்த நாளில் கும்மிடிப்பூண்டித் தபால் நிலையத்திலிருந்து முதலில் பேசச் சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. போனேன். மறுமுனையில் குப்பத்துப் பெரியவர் முனுசாமி. அதுவரை தொலைபேசியைத் தொடாதவர் போட்ட சத்தம் வாசலில் நின்ற எனக்கே கேட்டது. பொன்னுரங்கம் கருவியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "யோவ், கத்தாதய்யா! இப்புடிக் கத்துனா இதுக்குக் கம்பியே வேணாம்" என்றார். தபால் நிலையமே சிரித்தது. சிரித்து முடித்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அடுத்த ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தது. குப்பத்தில் ஒரு கட்டுமரமும் இறங்கவில்லை. மழைக்குக் கடையோரம் ஒதுங்கிய என்னிடம் பொன்னுரங்கம், வரிசையாக நின்றிருந்த வாடகை சைக்கிள்களைக் காட்டி, "இன்னைக்கு ஒரு வாடகை போச்சு சார்" என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை நஷ்டக்கணக்குச் சொல்கிற எந்த முகத்திலும் நான் கண்டதில்லை. எங்கள் கம்பெனிக்கும் இரண்டாவது இணைப்பு முறைப்படி பிறகு வந்தது. அதுவரை மேலாளர் கிடங்குக்கு நடந்தார். கம்பெனி மூழ்கிவிடவில்லை.

கட்சி அவரை அடுத்த முறை குழுவில் போடவில்லை. ஊராட்சி ஒன்றியத் தேர்தலில் நிற்கக் கேட்டார், அதுவும் இல்லை. ஆனால் தேர்தல் வந்ததும் பழையபடி மைதாப் பசை காய்ச்சி வாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. தூக்கி எறிந்த கட்சிக்கா இந்தப் பாடு என்று கேட்டேன். "ஊட்டுப் பெரியவன் தப்புப் பண்ணா ஊட்ட உட்டு ஓடிப்பூடுவியா சார்? பெரியவன் பேஜாரு பண்ணா, எழுதிக் குடுன்னு கேக்கணும். அவ்ளோதான்" என்றார். ஒரு தாளை நீட்டியதன் மூலம் கட்சிக்குத் தான் நல்லதே செய்ததாக அவர் உண்மையாகவே நம்பினார். யோசித்துப் பார்த்தால் செய்யத்தான் செய்தார். தலைவர் அந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் கட்சிக்குத்தான் தலைகுனிவு.

செவ்வாய் மதியம் ரயிலேறிப் போனேன். அவர் மேல் கொடி போர்த்தியிருந்தார்கள். அதைக் கொண்டுவந்த கட்சிப் பையன்களுக்கு அவர் யாரென்று தெரியவில்லை, "பழைய ஆளு" என்று மட்டும் சொன்னார்கள். குப்பத்திலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். முனுசாமியின் மகன்கள், பேரன்கள். ஓரமாக நின்ற என்னைக் கஸ்தூரி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

"இது ரெண்டயும் உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு சார். சீட்டுல உங்களுக்கு ஏன் நைனா ரெண்டாவது எடம்னு ஒரு நாள் கேட்டேன். அவரு எழுதிக் குடுத்தவரும்மான்னாரு. எனக்கு ஒன்னியும் புரியல."

உறையில் இரண்டு தாள்கள். ஒன்றில் "அன்புள்ள பொன்னுரங்கத்துக்கு" என்பதற்குப் பிறகு, பேனா ஊன்றி நின்ற இடத்தில் ஒரு மைப்புள்ளி. மற்றது நான் கொடுத்த கடிதம். அவர் பிழைப்பைப் பறித்த கடிதம். ஐம்பது வருஷத்துக்கு மேல் இரண்டையும் ஒன்றாக வைத்திருந்திருக்கிறார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த இரண்டு தாள்கள்தான். ஒருவரிடம் வெள்ளைத்தாளை நீட்டி எழுதிக் கொடுங்கள் என்று கேட்கும் துணிச்சல் என் வேலைக் காலம் முழுவதும் எனக்கு வரவில்லை. பொன்னுரங்கத்துக்கு நான் செய்தது தவறு. அந்தத் தவறின் கீழே என் பெயர் இருக்கிறது. அந்த அளவுக்காவது அவர் என்னை ஆளாக்கிவிட்டுப் போயிருக்கிறார்.